நகர்த்தி வைத்த ஊர்

கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லாத இடம் என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டைத்தான் சொல்வார்கள். ஒன்று கேன்டீன் சாம்பார் வாளி. மற்றொன்று நிலத்தகவல் ஆய்வுக்கூடம்.

சாம்பாராவது மதியத்தோடு தீர்ந்துவிடும். ஆய்வுக்கூடத்தின் தரவு தீராது. எந்தக் கல்லூரியிலிருந்து யார் விண்ணப்பித்தாலும் பேராசிரியர் கோமதிநாயகம் சரி என்று சொல்லிவிடுவார். தரவைப் பூட்டி வைப்பவர்களைப் பற்றி அவர் மேடைதோறும் கிண்டலடிப்பார், கைதட்டலும் வாங்குவார். சரி என்று சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. யாருக்கும் கேடு வராமல் அதைக் கொடுக்கிற பாடு அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பெனடிக்டாவின் தலையில்.

கொடுப்பது என்னவென்றால், மனிதர்கள் இருக்கும் இடம். வெயில் ஆட்களை வாரிக்கொண்டு போகத் தொடங்கிய பிறகு, அரசாங்கம் எல்லோருக்கும் இடது மார்பில் ஒட்டிக்கொள்ள ஒரு வில்லை கொடுத்திருந்தது. அது இதயத் துடிப்பையும் ஆள் நிற்கும் இடத்தையும் வானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் தானாகக் கிளம்பும். எத்தனையோ குடும்பங்களில் தாலியைக் காப்பாற்றிய வில்லை அது. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்தத் தகவல் முழுவதும் ஆய்வுக்காக இங்கே வந்து சேர்ந்தது. பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, துடிப்பு, இடம், அவ்வளவுதான். அனுமதி பெற்றவரின் திரையில் ஒவ்வொரு மனிதரும் ஒரு புள்ளி. அவர் நடந்தால் புள்ளியும் நடக்கும்.

இடத்தை உள்ளபடியே கொடுத்தால் வம்பு. அதற்காக பெனடிக்டா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சாலை, ஆறு, ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மிச்சமிருக்கும் புள்ளிகளை மொத்தமாக ஏதோ ஒரு பக்கம் சில கிலோமீட்டர் தள்ளி வைத்துவிடுவாள். புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது, ஆய்வுக்கு அதுதான் முக்கியம். ஆனால் எந்தப் புள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பக்கம் தள்ளிய பிரதி போகும். எங்காவது கசிந்தால் அது யாருடைய பிரதி என்று பிடித்துவிடலாம். எந்தப் பிரதி எவ்வளவு தள்ளப்பட்டது என்ற கணக்கைக் கணினியே பூட்டி வைத்துக்கொள்ளும். கோமதிநாயகமும் நெறிமுறைக் குழுவும் சேர்ந்து சொன்னால்தான் திறக்கும். இந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்காரர்களே பாராட்டியிருந்தார்கள். பெனடிக்டாவுக்கு அதில் பெருமை உண்டு. இருந்தால் என்ன, உழைத்தவள்தானே.

மே மாதத்தில் ஒருநாள் பிற்பகல் மாசிலாமணி வந்தான். தனியார் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் ஆசிரியர். வெயிலில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்வதாக விண்ணப்பித்து, சில மாதங்களுக்கு முன்பு ஒரு பிரதி வாங்கிப் போயிருந்தான். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், அதற்குள் முன்தலையில் வழுக்கை ஏறிவிட்டது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"மேடம், கோவிச்சுக்கப்படாது. உங்க மேப்ல நான் என்னையே கண்டுபிடிச்சிட்டேன்."

பெனடிக்டா சிரித்தாள். "அது எப்படி சார்? பேரே கிடையாதே."

"பேரு எதுக்கு மேடம்? என் நாடி மூணு துடிச்சு ஒண்ணு விடும். பிறவியிலேயே அப்படி. மேப்ல அதே மாதிரி ஒரு புள்ளி துடிக்கி. நான் காலேஜுக்குக் கிளம்புற நேரம் அதுவும் கிளம்புது. நான் மாடிப்படி ஏறினா அதுக்கும் மூச்சு வாங்குது."

"சரி, இருக்கட்டும். எந்த இடம்னு தெரியாதுல்லா?"

"என் வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்லா மேடம். மேப்ல நான் அங்கேயிருந்து ஆறு கிலோமீட்டர் கிழக்க, கடலுக்குள்ள நிக்கேன். அப்ப எல்லாப் புள்ளியையும் ஆறு கிலோமீட்டர் மேற்க இழுத்தா..."

அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. எல்லாரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வரைபடத்தைப் பார்க்கிறவனும் அதே வரைபடத்துக்குள் ஒரு புள்ளியாக நிற்கிறான் என்பது இத்தனை வருஷத்தில் அந்த ஏசி அறையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. புள்ளி என்றால் அது வேறு யாரோ. எல்லோருக்கும் அப்படியொரு நினைப்பு.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க சார், ப்ளீஸ்" என்றாள்.

"சொல்ல மாட்டேன். நீங்க சரி பண்ணணுமேன்னுதான் வந்தேன்." எழுந்தவன் தயங்கினான். "இன்னொரு சந்தேகம். சின்ன வயசுல வால்வு தச்ச இதயம் இருக்குல்லா, அது வளந்த பெறவும் அதே மாதிரிதான் துடிக்குமா? பழைய ஈசிஜி வச்சு இப்ப ஆளைச் சொல்லிரலாமா?"

நல்ல கேள்வி. நல்ல கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க பெனடிக்டாவுக்குத் தெரியாது. "தையல் போட்ட தழும்பு துடிப்புலயும் இருக்கும் சார். வேகம் மாறும், வடிவம் மாறாது. தாராளமா சொல்லலாம்" என்றாள். மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையால் துடைத்தான். வெயிலில் வந்த வேர்வை என்று அவள் நினைத்தாள்.

அவன் போனதும் நேரே கோமதிநாயகத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எத்தனை பேர்கிட்டம்மா போயிருக்கு?"

"நூறைத் தாண்டும் சார். உடனே எல்லாருக்கும் எழுதி, நிறுத்தி, அழிக்கச் சொல்லிருவோம்."

"காரணம் என்னன்னு எழுதுவ?"

உண்மைக் காரணத்தை எழுத முடியாது என்பது பெனடிக்டாவுக்கு அப்போதுதான் தோன்றியது.

"இப்ப இந்த ஓட்டை தெரிஞ்சது ஒரே ஒருத்தருக்கு" என்றார் கோமதிநாயகம். "நீ கடுதாசி போட்டா நூறு பேருக்கும் தெரியும். அழிச்சிருங்கன்னு சொன்னா முதல்ல திறந்து பாக்கத்தானே செய்வான்? அடுத்த மாசம் புதுப் பிரதி கொடுக்கும்போது சத்தமில்லாம மாத்திரு. அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் முழுக்க வேலை ஓடவில்லை. வால்வு தைத்த இதயம் என்று அவன் கேட்டது மனதில் நெருடிக்கொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் பொறுக்க மாட்டாமல் அவன் வேலை பார்க்கும் கல்லூரிக்குப் போன் போட்டாள். எடுத்தவர் அவன் துறைக்காரர், பேச ஆள் கிடைத்த சந்தோஷம் குரலில் தெரிந்தது.

"தங்கமான மனுஷன் மேடம். அந்த வீட்ல போய்ப் பிறந்தாரு, அதான் கஷ்டம். தங்கச்சி வேற சாதிப் பையனோட போயிட்டா. தங்கச்சிக்குச் சின்னதுலயே நெஞ்சுல ஆபரேஷன், செல்லமா வளத்தாங்க. அது போனதுல இருந்து அந்த வீட்ல கொலவெறிதான். எங்க இருக்குன்னு தெரிஞ்சா இருக்க விட மாட்டாங்க."

பெனடிக்டா போனை வைத்தாள். அந்தக் கொலைவெறிக்குத்தான் தான் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அதுவும் சிரித்த முகத்தோடு.

அந்தப் பெண் இருக்கும் இடத்தை உறுதியாகத் தெரிந்துகொண்டு எச்சரிக்க வேண்டும் என்று, பூட்டிய கணக்கைத் திறக்கச் சொல்லி கோமதிநாயகத்தைத் தேடினாள். டெல்லிக்கு விமானம் ஏறிவிட்டார். நெறிமுறைக் குழு கூடுவதற்கு ஒரு வாரம் ஆகும். அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியது, தானும் ஒரு புள்ளிதானே. மாசிலாமணியின் பிரதியைத் திரையில் திறந்து வைத்துவிட்டு, மாடிப்படியில் இரண்டு தடவை ஓடி ஏறி இறங்கினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, அந்த நிமிடத்தில் துடிப்பு எகிறிய பெண்களைத் தேடினாள். தன் வயதில் ஒருத்தி அகப்பட்டாள். அவளுடைய பழைய தடத்தை எடுத்துப் பார்த்தாள். வீடு, ஆய்வுக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில், மீண்டும் வீடு. வருஷக்கணக்காக ஒரு சின்ன முக்கோணத்துக்குள் தான் சுற்றி வந்திருப்பதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

தன் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவன் சொன்ன ஆறு கிலோமீட்டர் சரியாக இருந்தது. எல்லாப் புள்ளிகளையும் இழுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். வால்வு தைத்த இளம்பெண் இதயம் அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான். கடற்கரையோரம், உப்பளத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

இதுவரை அவள் செய்தது சரி. அடுத்து ஒன்று செய்தாள். அவசரப்பட்டு ஒருவன் மேல் கொலைப்பழி போடக் கூடாது, ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, விண்ணப்பத்தில் இருந்த மாசிலாமணியின் வீட்டு எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தது வயதான குரல். நிதானமான, மரியாதையான குரல்.

"அவன் வெளியே போயிருக்கானேம்மா. நான் அவங்கப்பா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார், யுனிவர்சிட்டி லேப்ல இருந்து பேசுறேன். உப்பளத்து ஆளுங்களைப் பத்தி ஒரு டேட்டா வாங்கியிருந்தாரு. அது விஷயமா... உங்க மக எப்படி இருக்காங்க சார்?"

அந்தக் குரல் அதே மரியாதையோடு, "எங்களுக்கு மக கிடையாதும்மா" என்றது. "அவன் வந்ததும் நான் கேட்டுக்கிடுதேன்."

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து உப்பளத்துக்குப் போனாள். வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும் பாத்திகள். வரப்பில் நடக்க நடக்க, கைப்பேசியில் அவளுடைய புள்ளி அந்த இன்னொரு புள்ளியை நோக்கி நகர்ந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டபோது அவள் முன்னால் ஒரு பெண் உப்பு வாரும் பலகையோடு நின்றாள். கறுத்து மெலிந்து, தலையில் துண்டு கட்டி, ரவிக்கைக்கு மேல் பழைய ஆண்சட்டை போட்டிருந்தாள். பெயர் செல்வக்கனி என்றாள், அதுவும் ரொம்பக் கேட்ட பிறகு.

பெனடிக்டா ஒன்றுவிடாமல் சொன்னாள். வில்லை, வரைபடம், தன்னுடைய தப்பு எல்லாம். கடைசியில், "உங்கண்ணன் உங்களைக் கண்டுபிடிச்சிட்டாரு. இங்க இருந்து உடனே போயிருங்க" என்றாள்.

செல்வக்கனியின் முகத்தில் பயத்தைக் காணோம். பல நாள் பசியில் இருப்பவளுக்குச் சோற்று வாசனை வந்தது போல ஒரு மலர்ச்சி. "அண்ணனா? எங்கண்ணனா என்னையப் பாத்துச்சு?"

"ஆமா. ஏன்?"

"அக்கா, எங்களை பஸ் ஏத்தி விட்டதே அதுதான். எங்க போறீங்கன்னு எங்கிட்டயும் சொல்லாத, அடிச்சுக் கேட்டா உளறிருவேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போச்சு. போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு வருசமா நான் உயிரோட இருக்கனா செத்தனான்னுகூட அதுக்குத் தெரியாது." அவள் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். "இப்ப தெரிஞ்சிருக்கும்லா? நான் நடக்கதையெல்லாம் பாத்திருக்கும்லா?"

அவன் தங்கையைத் தேடியது கொல்ல அல்ல. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு புள்ளி உப்பளத்தில் அசைவதைப் பார்ப்பதற்கு. அது அவள்தான் என்று நிச்சயம் செய்துகொள்ளத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். கேட்டுவிட்டு அழுதிருக்கிறான்.

"நீங்க எங்க வீட்ல யார்கிட்டயும் பேசலியேக்கா?"

"பேசினேன்" என்றாள் பெனடிக்டா. "உங்கப்பாகிட்ட. உப்பளம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

செல்வக்கனி பலகையை வரப்பில் வைத்தாள். கத்தியிருந்தால் பெனடிக்டாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாசிலாமணியின் போன் அணைந்து கிடந்தது. பெனடிக்டா வரைபடத்தில் அவனைத் தேடினாள். மூன்று துடித்து ஒன்று விடும் புள்ளி கடற்கரைச் சாலையில் வேகமாக வந்துகொண்டிருந்தது. அதை ஒட்டி இன்னும் நான்கு புள்ளிகள். ஒரே கார். அவன் இதயம் ஓடுகிறவனுடையதைப் போல அடித்துக்கொண்டிருந்தது. மற்ற நான்கும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் போல நிதானமாகத் துடித்தன. அதில் ஒன்று வயதான இதயம்.

இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள். உப்பளத்துக்குத் திரும்பும் முக்கு வந்தது. கார் திரும்பவில்லை. நேரே தெற்கே போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணன் தப்பு வழி காட்டுது அக்கா" என்றாள் செல்வக்கனி. "தெக்கயும் உப்பளம் இருக்கு. அங்க கூட்டிட்டுப் போவுது." சட்டைக்குள் கைவிட்டு வில்லையைப் பிய்த்தாள். தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

"அதை எடுக்காதீங்க. இந்த வெயில்ல விழுந்தா யாருக்கும் தெரியாது."

"தெரியக் கூடாதுன்னுதான்க்கா" என்று சொல்லிவிட்டு, லாரிகள் நிற்கும் பக்கம் ஓடினாள். அங்கேதான் அவள் புருஷன் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் ஒரு பைக் வடக்கே போனது.

பெனடிக்டா போலீஸுக்குப் போன் போட்டாள். கடத்தல் என்றாள், இடம் சொன்னாள். பெயர் இல்லாத புள்ளியை வைத்து யார் கடத்தப்பட்டது என்று எப்படித் தெரியும் எனக் கேட்டார்கள். அவள் விளக்கி முடிப்பதற்குள் கார் தெற்கு உப்பளத்தைச் சுற்றிவிட்டு, அதைத் தாண்டி செம்மணல் மேடுகளான தேரிக்குள் போய் நின்றிருந்தது. ஏமாற்றிவிட்டான் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

நான்கு புள்ளிகள் ஒரு பக்கம் கூடி உட்கார்ந்தன. அங்கே ஏதாவது நிழல் இருந்திருக்க வேண்டும், அவற்றின் துடிப்பு ஏறவே இல்லை. மாசிலாமணியின் புள்ளி மட்டும் தள்ளி, அசையாமல், வெட்டவெளியில் நின்றது. உச்சி வெயில். அவனை யாரும் அடித்த மாதிரித் தெரியவில்லை. சொல்லும்வரை நிற்க வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். வரப்பில் உட்கார்ந்து பெனடிக்டா அந்த இதயம் ஏறுவதையும், தடுமாறுவதையும், மூன்றுக்கு ஒன்று விட்டது இரண்டுக்கு ஒன்றாக ஆவதையும் பார்த்தாள். அவன் விழுந்தவுடன் வில்லை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது. தேரிக்குள் சாலை கிடையாது. ஆட்கள் மணலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது நான்கு புள்ளிகளும் கிளம்பிப் போய்விட்டிருந்தன. அவனுடைய கோடு நேராகிவிட்டிருந்தது.

கள ஆய்வுக்குப் போன ஆசிரியர் வெயிலுக்குப் பலி என்று பத்திரிகையில் வந்தது. உடம்பில் ஒரு காயம் இல்லை. தகப்பனார் தாங்க முடியாத துக்கத்தில் இருப்பதாகவும் போட்டிருந்தார்கள்.

பெனடிக்டா காவல் நிலையத்துக்கும் போகத்தான் செய்தாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது நெசம்னே வச்சுக்கிடுவோம். அந்த நாலு பேரு யாருன்னு கோர்ட்ல எப்படி நிரூபிப்பீங்க?"

"அவங்க துடிப்பை வச்சு. முதல்ல மேப்பை எப்படித் திருப்பி வைக்கிறதுன்னு காட்டணும்."

"எல்லார் முன்னாலயும் காட்டணும். மறுநாள் பேப்பர்ல வரும். பரவாயில்லையா?"

அவளுக்கு அந்த நூற்றுச் சொச்சம் பிரதிகள் ஞாபகம் வந்தன. ஆய்வுக்கூடம் அவற்றை நிறுத்திவிடலாம். ஆனால் இதுவரை போனது போனதுதான், யார் யாருடைய கணினியிலோ மாதக்கணக்கான தடங்கள் கிடக்கின்றன. அவற்றில் எத்தனை செல்வக்கனிகள் எந்தெந்த மூலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று யார் கண்டது. வழியைச் சொன்ன அன்றைக்கே எத்தனை வீடுகளில் பழைய ஈசிஜியைத் தேடி பீரோவைத் திறப்பார்கள். அவள் எழுந்து வந்துவிட்டாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

வாரக் கடைசியில் சாவுக் கணக்கை உறுதி செய்யும் வேலை அவளுடையது. வெட்டவெளியில், மே மாத மதியத்தில், துடிப்பு ஏறி நின்ற புள்ளிக்கு எதிரே காரணத்தைக் கணினியே போட்டுவிட்டிருந்தது. வெயில். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வேறு காரணம் என்றால் என்ன காரணம், எப்படித் தெரியும் என்று அவள் எழுத வேண்டும். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்பதை அழுத்தினாள்.

டெல்லியிலிருந்து திரும்பியிருந்த கோமதிநாயகம் பின்னால் வந்து நின்றார்.

"பாவம்மா, அந்த மாசிலாமணி. நமக்கு எவ்வளவு பெரிய உதவி செஞ்சிருக்காரு. இந்த வருஷ அறிக்கைல முதல் பக்கத்துலயே அவருக்கு நன்றி போட்டுரணும். படத்தோட, இறந்த தேதியோட போடு."

"போட வேண்டாம் சார்."

"ஏம்மா? கடைசியில அந்த மனுஷனுக்கு அதுகூட இல்லையா?"

"அந்தப் பேரையும் தேதியையும் இந்த மேப் பக்கத்துல எங்கயும் போட வேண்டாம் சார்" என்றாள் பெனடிக்டா. "அன்னைக்கு நின்ன புள்ளி யாருன்னு தெரிஞ்சா, மத்தவங்க எல்லாரும் எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சிரும்."